பதினேழாவது மரையாணி

முறுக்கி முடித்து மூன்று நாள்.
காற்றில்லை; காற்றாலை சுழலவுமில்லை.
புதுச்சுமை எதுவும் ஏறாத விடிகாலையில்
பதினேழாவது மரையாணியின் தலை
தானே தெறித்து விழுந்தது.
கெமி துறைமுகத்துப் பனியில்
ஒரு சின்னக் குழி.

கையுறைக்குள் பொத்தி எடுத்துவந்தேன்.
முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தால்
கற்கண்டு.
மணிமணியாய்ப் பிரிந்து பளபளக்கிறது.
நல்ல எஃகு இழுபட்டு, மெலிந்து,
முனகிவிட்டுத்தான் அறும்.
இது யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறது.

யாரைக் கேட்பது?
மேலாளர், "மட்டச் சரக்கு என்று எழுதி மூடு, மெர்வி" என்றார்.
விற்றவன், "அளவுக்கு மீறி முறுக்கிவிட்டீர்கள்" என்றான்.
ஓவுலுப் பேராசிரியர் விடுப்பில்;
அவர் மாணவன் விலைப்பட்டியல் அனுப்பினான்.
வியாழன்தோறும் நூலகத்தில் கூடுகிறார்கள் என்று
யாரோ சொல்லப் போனால்
கூடியிருந்தது கம்பளி பின்னுகிறவர்கள்.

நாற்காலி தந்தார்கள், காப்பி தந்தார்கள்.
ஒருத்தி, ஒரு கண்ணி நழுவினால்
அறுபது வரிசை எப்படி ஓடும் என்று
தன் காலுறையை அவிழ்த்தே காட்டினாள்.
பிறகு, "செவ்வாய்க்கிழமை சவுனாவுக்குப் போ.
இரும்புப் பேச்சு அங்கேதான்" என்றாள்.

செவ்வாய். பெண்கள் முறை.
ஆணியைக் கொண்டுபோகவில்லை,
ஈரம் பட்டால் சாட்சிக்குத் துரு ஏறும்.
மரப்பலகையில் மூவர், வியர்வையும் துண்டுமாக.
காகித ஆலையில் உருளைகளைக் காக்கும் ஹில்க்கா.
கண்ணாடி ஏன் உடைகிறது என்பதிலேயே
முப்பது வருடம் கழித்த ஹெல்யா.
மேல்படியில் சிர்க்கு,
முலாம் பட்டறைக்காரி, அதிகம் பேசாதவள்.

தாள் கொண்டுவர முடியாத கூட்டம்.
ஆவி படிந்த சன்னலில் விரலால் வரைந்தேன்.
வரைந்தது வழிந்தோட
எல்லாவற்றையும் இரண்டுமுறை சொன்னேன்;
இரண்டாம் முறை எனக்கே கொஞ்சம் புரிந்தது.

"முலாம் உண்டா?" ஹில்க்கா.
துத்தநாகம்.
"எஃகு எவ்வளவு கடினம்?"
சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள்.
ஹெல்யா கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்:
"அமிலத் தொட்டியில் கழுவும்போதே நுழைந்துவிடும் ஹைட்ரஜன்.
அதைவிடப் பொடிசு எதுவுமில்லை, அதற்கு அவசரமுமில்லை.
எங்கே இழுவை அதிகமோ அங்கே போய்ச் சேரும்,
நாள் பார்த்திருக்கும்.
விரட்ட ஒரே வழி சூடுதான்.
இருநூறு பாகையில் எத்தனை மணி நேரம் வைத்தார்களாம்?"

எனக்குத் தெரியவில்லை.

மேல்படியிலிருந்து சிர்க்கு
இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.
"அடுப்பு நிறைந்திருந்தது" என்றாள்.
"அக்டோபர், இரவு ஷிப்ட். பத்துப் பெட்டி வந்தது,
எட்டுக்குத்தான் இடம்.
லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
சுட்டாயிற்று என்று
பத்துக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஹில்க்கா அகப்பையில் தண்ணீர் மொண்டு
கல்மேல் ஊற்றினாள்.
சீறி எழுந்த ஆவியில்
கொஞ்ச நேரம் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.
ஊற்றியது அதற்காகத்தானோ என்னவோ.

"பெட்டி எண் நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.
கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன்.
"இருக்கிறது. அன்றிலிருந்து இருக்கிறது."

மறுநாள் தன் திருகுகோலோடு வந்தாள்.
கோபுர வயிற்றுக்குள் ஏணியேறி
ஒவ்வொன்றாய்க் கழற்றினோம்.
நாற்பத்தொன்றாவது, தொட்டதும்
அவள் உள்ளங்கையில் தலையை வைத்துவிட்டது.
அவள் அதை நெடுநேரம் பார்க்கவில்லை;
எண்ணை மட்டும் சாக்கட்டியால் எழுதினாள்.
வேலை போகுமா என்று அவளும் கேட்கவில்லை,
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
அறிக்கையில் இருந்ததை இருந்தபடி எழுதினேன்,
அடுப்பு சிறியது என்பதையும்.

அடுத்த செவ்வாய் பலகையில் நால்வர்.
கதவு திறந்து குளிரோடு ஐந்தாவதாய் வந்தாள்
அந்தக் காலுறைக்காரி.
கையில் இரண்டாய்ப் போன பிளாஸ்டிக் ஊசி.
"நேற்று வெளியே, உறைகுளிரில்.
வீட்டுக்குள் எவ்வளவு வளைத்தாலும் வளைந்ததே,
இது ஏன்?" என்றாள்.

சிர்க்கு நகர்ந்து இடம் விட்டாள்.